சொல்லிவிட்டுப் போங்கள்

கோடை விடுமுறை முடிந்து சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும், நாளை வந்துவிடுவாள் என்று நினைத்தோம். மறுநாளும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் வருகைப் பதிவேட்டை வாசித்தபோது அவள் பெயரே இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டு, "அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கி ஒரு மாதம் ஆகிறதே! உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் கைபோட்டுச் சாப்பிட்ட எங்களுக்குத் தெரியாது! அவளுடைய அம்மாவுக்கு இங்கிலாந்தில் செவிலியர் வேலை கிடைத்துக் குடும்பமே புறப்பட்டுப் போய்விட்டது என்ற செய்தியைக் களமருதூர்க் கடைத்தெருவில் கேட்டுத்தான் அறிந்தோம்.

அன்று மாலை அவள் வீட்டு வழியாக நடந்தோம். கதவில் பூட்டுத் தொங்கியது. திண்ணையில் மணி படுத்திருந்தது. மணி அவள் வளர்த்த நாய். உயர்ந்த சாதி நாய் ஒன்றும் இல்லை; நம் ஊர்த் தெருவில் பிறந்த செம்பழுப்பு நாட்டு நாய்தான். ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். மழை நாளில் ஏரிக்கரையில் கண்டெடுத்துப் பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்து வளர்த்தாள். தினமும் காலையில் பஸ் நிற்கும் இடம் வரை அவளோடு வந்து, பஸ் கிளம்பிய பிறகுதான் அது வீடு திரும்பும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு மணியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய், வேறு ஊரில் இருந்த அவளுடைய பெரியப்பா வீட்டில் கட்டிவிட்டு வந்தார்களாம். நான்காம் நாள் அது கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, கழுத்தில் பாதிக் கயிறு தொங்கக் களமருதூருக்கு வந்துவிட்டது. அன்று முதல் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்தது. அவள் எங்கள் கூட்டத்தில் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

இந்தக் கட்டுரையை அந்தக் குடும்பத்தின் மீது குறை சொல்ல எழுதவில்லை. இரவு எந்நேரமானாலும் வந்து நம் ஊர்ப் பாட்டிமாருக்கு ஊசி போட்டவர் அவள் அம்மா. அவர் உயர்ந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் சொல்லாமல் போகும் இந்தப் பழக்கம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இது சரியா என்று நாம் எல்லாரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

ஏன் சொல்லாமல் போகிறார்கள்? பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். "விசா கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும்" என்றார்கள் சிலர். வேறு சிலர் சொன்ன காரணம் இன்னும் வலுவானது. வெளிநாட்டு வேலை என்று ஊரெல்லாம் சொல்லி, நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டி, கடைசியில் ஏமாந்து நின்ற குடும்பங்கள் உண்டு. அப்போது ஆறுதல் சொன்ன வாய்களைவிடச் சிரித்த வாய்களே அதிகம். ஒருமுறை அப்படிப் பட்டவர்கள் மறுமுறை வாயைத் திறப்பார்களா? மூன்றாவது காரணத்தைத் தாய்மார்கள் சொன்னார்கள்: "பிள்ளை அழும். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எப்படிப் புறப்படுவது?"

இந்தக் காரணங்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஆனாலும் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சொல்லாவிட்டால் அழுகை இல்லாமல் போய்விடுகிறதா?

எங்கள் வகுப்பில் பலருடைய அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்கிறார். எங்களில் ஒருத்தி சொன்னதை இங்கே எழுத அவளே சம்மதித்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. விடியற்காலை மூன்று மணிக்கு, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அப்பா திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஏறிவிட்டார். காலையில் கேட்டதற்கு, "கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்றாள் ஆயா. குழந்தை நம்பியது. இருட்டும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அப்பா வர மூன்று ஆண்டுகள் ஆயின. "அதற்குப் பிறகு அம்மா கடைக்குக் கிளம்பினாலும் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். கடை என்றாலே எனக்குப் பயம்" என்றாள். அப்பா போனது அவளுக்கு வருத்தம்தான். ஆனால் அவளை அதிகம் வாட்டியது அந்தப் பொய். எந்த நிமிடமும் எவரும் காணாமல் போகலாம் என்ற அச்சத்தை அது ஒரு சிறு குழந்தையின் மனத்தில் விதைத்துவிட்டது.

வாசற்படியில் உட்கார்ந்த அந்தக் குழந்தைக்கும் திண்ணையில் படுத்த மணிக்கும் என்ன வேறுபாடு? மணிக்குச் சொன்னாலும் புரியாது. குழந்தைக்குச் சொன்னால் புரிந்திருக்கும். அவ்வளவுதான்.

ஜப்பான் நாட்டில் ஹாச்சிக்கோ என்ற நாயின் வரலாற்றைப் பலரும் கேட்டிருப்பீர்கள். தோக்கியோ நகரில் உவேனோ என்ற பேராசிரியர் அதை வளர்த்தார். மாலைதோறும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குச் சென்று அவரை எதிர்கொண்டு அழைத்து வருவது அதன் வழக்கம். 1925-ஆம் ஆண்டு மே மாதம் பணியிடத்தில் திடீரென்று அவர் இறந்துபோனார். ஹாச்சிக்கோவுக்கு அதை எப்படிச் சொல்வது? 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், அது அந்த நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. அதன் நன்றியைப் பாராட்டி அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை நாம் நன்றிக்கு எடுத்துக்காட்டாகவே படிக்கிறோம். காத்திருப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்பதற்கும் அது எடுத்துக்காட்டு அல்லவா?

பிரிவு தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் பிரிவுக்கென்றே பாலை என்று ஒரு திணை வகுத்தார்கள். பொருள் தேடிப் பிரிவதைப் பொருள்வயிற் பிரிவு என்று நம் தமிழம்மா வகுப்பில் கற்பித்தார். திருவள்ளுவரும் பிரிவாற்றாமை என்று ஓர் அதிகாரமே செய்திருக்கிறார். பிரிவில் அழுவது வெட்கம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை.

நம் தாத்தா பாட்டி காலத்தில் நடந்த ஒன்றையும் நினைத்துப் பார்க்கலாம். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் ஒரு குடும்பம் இங்கே, மறு குடும்பம் அங்கே என்றாயிற்று. மலைநாட்டிலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கு வந்து, கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் பிரிந்து போனார்கள். அங்கே ரயிலைக் கோச்சி என்பார்கள். வழியனுப்ப வந்தவர்களும் புறப்பட்டவர்களும் சேர்ந்து கதறியதால் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்துவிட்டது.

எவ்வளவு துயரமான பெயர்! கேட்காமலேயே இரண்டு அரசுகள் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு குடும்பம் எவ்வளவு பணம், எவ்வளவு நகை கொண்டுபோகலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. ஆயினும் அந்த ஏழை மக்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். தாங்களே விரும்பி, நல்ல வேலைக்கு, விமானத்தில் போகும் நாம் ஏன் திருடரைப் போல இரவில் போக வேண்டும்?

சொல்லாமல் இருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இதை நாங்கள் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். மணியை இங்கிலாந்துக்கே அழைத்துப் போயிருக்கலாம்! நாட்டு நாய்க்கு ஏது விமானம் என்று நாங்களும் முதலில் சிரித்தோம். கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது, எந்த நாயானாலும் விதி ஒன்றுதான் என்று விளக்கினார்.

வெறிநாய்க்கடி நோயை ஒழித்த நாடுகள் அது மீண்டும் உள்ளே வராமல் கவனமாகக் காக்கின்றன. நம் நாட்டில் அந்த நோய் இன்னும் இருப்பதால் இங்கிருந்து போகும் நாய்க்குக் கட்டுப்பாடு அதிகம். இங்கிலாந்துக்குப் போவதென்றால், முதலில் தோலுக்கடியில் அரிசிமணி போன்ற ஒரு சில்லைச் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதுதான் நாயின் அடையாளம். அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டும். அதில் தேறினால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்வதற்கு ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற வேண்டும். அந்நாட்டுக்கு விமானத்தில் நாயைப் பயணிகளோடு உட்கார வைத்துக் கொண்டுபோக முடியாது. சரக்காகப் பதிவு செய்தே அனுப்ப வேண்டும். ஆக மொத்தம் நான்கு மாதத்துக்குக் குறையாது.

ஐரோப்பிய நாடுகளுக்கும் இதே போன்ற சோதனையும் காத்திருப்பும் உண்டு. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டு முதல் ஆறு மாதம் நிரம்பாத நாயை உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியாவோ இந்தியாவிலிருந்து நேரே வரும் நாயை ஏற்பதே இல்லை. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் சிறிய இன நாய்க்கே இடம். செலவும் கொஞ்சமன்று, பெரிய நாயென்றால் ஒரு ஆளின் பயணச் சீட்டுக்கு மேலும் ஆவதுண்டு.

இதில் கவனிக்க வேண்டியது காலம்தான். எங்கள் தோழியின் அம்மாவுக்கு வேலை உறுதியானது செப்டம்பரில். அவர்கள் புறப்பட்டது மே மாதத்தில். இடையில் எட்டு மாதம்! செப்டம்பரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மணியின் காகிதங்கள் பொங்கலுக்குப் பின் தயாராகியிருக்கும். செலவுக்கு வழியில்லை என்றாலும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மணியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருந்தோமே! அந்த எட்டு மாத மௌனம் இரண்டு வழியையும் அடைத்துவிட்டது.

2022-ஆம் ஆண்டு உக்ரைன் போரின்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். குண்டு மழைக்கு நடுவில் இந்திய மாணவர்கள் எல்லையை நோக்கி ஓடினார்கள். சிலர் தங்கள் நாயையும் பூனையையும் விட்டுவர மறுத்துத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள். அவசரத்தில் எந்தச் சான்றிதழும் முழுமையாக இல்லை. நம் மத்திய அரசு ஒருமுறை மட்டும் விதியைத் தளர்த்தி அந்தப் பிராணிகளை உள்ளே விட்டது. போரில் ஓடியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைத்தது. நிதானமாகப் புறப்படுகிறவர்களுக்கு அப்படிக் கிடைக்காது; அவர்களுக்குக் காலம் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

அழைத்துப் போக முடியாதவர்கள்தாம் நம் ஊரில் மிகப் பலர். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் விட்டுப் போவது வேறு, ஒப்படைத்துப் போவது வேறு. கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓட்டல் பக்கம் இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். அது பிழைப்பதில்லை, லாரியில் அடிபடுகிறது, அல்லது அந்த இடத்து நாய்களிடம் கடிபடுகிறது. பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 50 ரூபாய் வரைதான். அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. மனம்தான் திருந்த வேண்டும்.

ஒப்படைப்பது எப்படி? மருத்துவரிடமும் அனுபவசாலிகளிடமும் கேட்டதை எழுதுகிறோம். புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே புதிய வீட்டாரை வரச் சொல்லி அவர்கள் கையால் சோறு வைக்கச் செய்ய வேண்டும். பிறகு நாயை அந்த வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். அடுத்து ஒரு பகல், அதன்பின் ஓர் இரவு என்று பழக்க வேண்டும். அது படுத்த பழைய சாக்கையோ துணியையோ துவைக்காமல் கொடுக்க வேண்டும். அந்த வாசனை அதற்குத் துணை. தடுப்பூசி அட்டையையும் கொடுக்க வேண்டும். இவையே வாயில்லாத ஜீவனுக்கு நாம் சொல்லும் விடை. இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கட்டினால், மணியைப் போல அது கயிற்றை அறுக்கத்தான் செய்யும்.

விவிலியத்தில் தோபித்து நூலை வாசித்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். இளைஞன் தோபியா தூர தேசமாகிய மேதியாவுக்குப் புறப்படுகிறான். தந்தை ஆசி கூறுகிறார். தாய் மறைக்காமல் அழுகிறாள், கணவர் தேற்றுகிறார். வானதூதர் வழித்துணையாக வருகிறார். கூடவே நாயும் போகிறது! அந்த நாய் கதையில் வேறொன்றும் செய்வதில்லை. போகும்போதும் போகிறது, திரும்பும்போதும் வருகிறது. ஒரு வீட்டுப் பயணம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா? ஆசி உண்டு, அழுகை உண்டு, நாயும் உண்டு. ஒளிவுமறைவு மட்டும் இல்லை.

இனி எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம். அவள் போன செய்தி தெரிந்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது. அவளுடைய முதல் வாட்ஸ்அப் செய்திக்கு யாரும் பதில் போடவில்லை. இரண்டு மாதம் பேசவில்லை. அவளும் தன்னந்தனியாக, மொழி பழகாத ஒரு பள்ளியில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பாள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே மறுபடி அழைத்தாள். "சொன்னால் நீ அழுவாய், அவர்களும் அழுவார்கள் என்று அம்மா சொன்னார்கள். சொல்லாமல் வந்து இங்கே தினமும் அழுகிறேன்" என்றாள். அதற்குமேல் எங்களால் கோபமாக இருக்க முடியவில்லை. மணி பெரியப்பா வீட்டில் நன்றாக இருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். உண்மையைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னோம். பொய்யால் வந்த புண்ணை இன்னொரு பொய்யால் மூடக் கூடாது அல்லவா?

மணி இப்போது எங்களில் ஒருத்தியின் வீட்டில் இருக்கிறது. அவள் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. இப்போது மீன் குழம்பு வைத்த நாளில் முதலில் மணிக்குத்தான் சோறு பிசைகிறார். அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டோம். ஞாயிறுதோறும் தோழி காணொளியில் அழைக்கிறாள். முதல்முறை அவள் குரலைக் கேட்டதும் மணி துள்ளி எழுந்தது. போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தது. நாங்கள் எல்லாரும் அழுதோம். அந்தப் பக்கம் அவளும் அவள் அம்மாவும் அழுதார்கள். மே மாதத்தில் அழ வேண்டிய அழுகையை ஆகஸ்டில் அழுதோம்.

எனவே, பெற்றோர்களே, எங்கள் பணிவான வேண்டுகோள் இது: வெளியூரோ வெளிநாடோ, புறப்படும் செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டாம்; உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அவள் தன் நெருங்கிய தோழியிடம் சொல்ல அனுமதியுங்கள். தூங்கும்போது போகாதீர்கள், எழுப்பி, முத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவள் அழட்டும். வீட்டில் ஒரு நாயோ பூனையோ ஆடோ இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே அதன் கணக்கையும் தொடங்குங்கள்.

அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஒரு பெண் போகும்போது, பத்து நிமிடம் அவளை வகுப்புக்குள் அனுப்பிவையுங்கள். விடுமுறைக் காலமென்றால் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். எவ்வளவு தூரமானாலும் நாங்கள் பள்ளிக்கு வருவோம்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. தோழி ஒருத்தி போகப்போகிறேன் என்று உங்களிடம் இரகசியமாகச் சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள். விசா கிடைக்காமல் போனால் சிரிக்காதீர்கள். நாம் சிரிப்போம் என்ற பயத்தினால்தான் அவர்கள் சொல்லாமல் போகிறார்கள்.

நம் தமிழில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்லும் வழக்கமில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம். எங்கே போனாலும் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் காத்திருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவிகள்